எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா? குள்ளமானவன் கணக்கு

என் உயரம் 5 அடி 5 அங்குலம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கின் சீட் உயரம் 825 மி.மீ.; ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-க்கு 800தான். அப்போ ஹிமாலயன்தானே வசதி? காகிதத்தில் அப்படித்தான். வேளச்சேரியில் மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில், அடியில் பள்ளமா மேடா என்று தெரியாமல் காலை ஊன்றும்போதுதான் விஷயம் புரியும். எக்ஸ்பல்ஸில் எனக்கு முன்பாதம் மட்டும்தான் தரையில் படும். ஆனால் வண்டி 160 கிலோவுக்குள். சாய்ந்தாலும் இடுப்பால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடலாம். ஹிமாலயன் 199 கிலோ. பாதம் நன்றாகப் பதியும், சரி. ஒருமுறை சாய்ந்துவிட்டால் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆள் வரவேண்டும்.

ஓட்டத்தில் நிலைமை தலைகீழ். ஹிமாலயனின் 32 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை), பின்னால் ஆளும் பையும் இருந்தாலும் ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி அலுக்காமல் இழுக்கும். எக்ஸ்பல்ஸுக்கு 17 சொச்சம்தான்; பஸ்ஸை முந்த கியரைக் குறைத்தே ஆகவேண்டும்.

இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், தரை இடைவெளி 220 மி.மீ. நம்மூர் வேகத்தடைகளுக்குத் தாராளம்.

தினமும் தாம்பரம், கிண்டி என்று அலைகிற எனக்கு எக்ஸ்பல்ஸ்தான். வார இறுதியில் ஜோடியாக ஏலகிரி போகிறவர் நல்ல செகண்ட்ஹேண்ட் ஹிமாலயனைத் தேடலாம். 411 இப்போது புதிதாக வருவதில்லை.