பல் இடுக்குக்கு நூலா, தண்ணீரா, குட்டி பிரஷ்ஷா?

கொய்யாப்பழத்தைக் கடித்து எடுத்தபோது வெள்ளைச் சதையில் ரத்தக் கோடு. வலி எதுவும் இல்லை. மறுநாளும் அப்படியே. பல் டாக்டர் ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுப் பார்த்து, எழுதிக்கொள்ளும் பெண்ணிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனார். மூணு, மூணு, அஞ்சு, நாலு, அஞ்சு. மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் பயமில்லை. அதைத் தாண்டினால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போல ஆகியிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு வயது 47. இத்தனை வருஷமும் காலை, இரவு இரண்டு வேளையும் தேய்த்தவன். "தேய்ச்சிருக்கீங்க சார், முகப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடுக்குல பிரஷ் போகவே இல்ல" என்றார்.

காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, இனிமேல் தினமும் இடுக்கைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று அனுப்பிவைத்தார். அடுத்த எட்டு மாதத்தில் நூல், தண்ணீர் பீய்ச்சும் கருவி, இடுக்கு பிரஷ் மூன்றையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டேன்.

பேஸ்ட், பிரஷ் பற்றி அலச அதிகமில்லை. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், மிருதுவான நார் உள்ள பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது பிரஷ். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் மட்டும், சின்னக் குழந்தைகளுக்கு எந்த பேஸ்ட், எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் இடுக்குக்கு ஈர்க்குச்சிதான். அவசரத்துக்கு ஊக்கு. மாட்டிக்கொண்ட கறித்துணுக்கை எடுக்க அது போதும். ஆனால் ஈறைக் கெடுப்பது பல்லின் பக்கவாட்டில் வழவழவென்று ஒட்டியிருக்கும் கிருமிப் படலம். அதுதான் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. குச்சி அதைத் துடைக்காது, ஈறைக் குத்திப் புண்ணாக்கவும் செய்யும்.

முதலில் நூல் வாங்கினேன். மூன்றில் மலிவு இதுதான். 50 மீட்டர் சுருள் 180 ரூபாய். ஒரு வேளைக்கு ஒரு முழம், 45 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் நூறு நாளுக்கு மேல் வரும். இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடுக்கில் இறக்கி, பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் இழுக்கவேண்டும். முன்பல்லில் இரண்டே நாளில் கை பழகிவிட்டது. கடைவாயில்தான் கஷ்டம். இரண்டு கையும் வாய்க்குள், எச்சில் வழுக்கி நூல் நழுவும், விரல் நுனி ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். மூன்றாவது வாரத்தில் கடைவாயை விட்டுவிட்டேன். என் ஐந்து மில்லிமீட்டர் எல்லாம் இருந்தது அங்கேதான்.

அடுத்து தண்ணீர் கருவி, 2,400 ரூபாய். முதல் மாதம் இதைப்போல் சுகம் வேறில்லை என்றே நினைத்தேன். பொத்தானை அமுக்கினால் தண்ணீர் துடித்துத் துடித்து அடிக்கும், சாப்பாட்டுத் துணுக்கெல்லாம் வாஷ்பேசினில் வந்து விழும். ஆனால் நாங்கள் இருப்பது சென்னை மேடவாக்கத்தில், போர்வெல் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாக உப்பு படிகிற வீடு. அந்தக் கருவியின் மூக்குத் துளையோ ஊசி முனை அளவு. ஆறாவது வாரத்தில் தண்ணீர் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சிதறியது. வினிகரில் ஊறவைத்தேன், சரியானது. மூன்று வாரத்தில் மறுபடி. கேன் தண்ணீருக்கு மாறினேன். தினமும் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வழுவழுப்பு. சார்ஜ் போடவேண்டும். மூக்கை அவ்வப்போது மாற்றவேண்டும். இரவு பத்தரை மணிக்குக் கண் சொக்கும்போது இவ்வளவுக்கும் யாரால் முடியும்? மாவடு ஊறுகாய் ஜாடிபோல அது அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்குத் தீர்ப்பு சொன்னது இந்த ஒரு விஷயம்தான். சாமானைக் கவனிப்பதே ஒரு வேலையானால், பல்லைக் கவனிப்பது நின்றுபோகும்.

இப்போது என் கையில் இருப்பது இடுக்கு பிரஷ். தீக்குச்சி நீளக் கைப்பிடி, நுனியில் மெல்லிய கம்பி, அதைச் சுற்றிப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சின்னதாக்கியதுபோல நார். ஒரு இடுக்குக்குள் நேராக விட்டு இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்தால் முடிந்தது. வாய் முழுக்க மூன்று நிமிஷம். ஒரு கை போதும், கண்ணாடிகூட வேண்டாம்.

இதன் பலம் எங்கே என்று டாக்டர் ஒரு பல் மாதிரியை வைத்துக் காட்டினார். ஈறு இறங்கியபிறகு வெளியே தெரிகிற வேர் உருண்டையாக இல்லை. பக்கவாட்டில் வாய்க்கால்போல ஒரு குழிவு ஓடுகிறது. நூல் விறைப்பாக நிற்பதால் குழிவின் இரு கரையையும் தொட்டுவிட்டு உள்ளே இறங்காமல் போய்விடும். நார் குழிவுக்குள்ளும் புகும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் நூலைவிட இடுக்கு பிரஷ்ஷுக்குக் கொஞ்சம் சாதகமாகத்தான் பேசுகிறது; ஆதாரம் அவ்வளவு உறுதியானதில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். அட்டையில் 0, 1, 2 என்று எண் இருக்கும், எண் கூடினால் பருமன் கூடும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் சிவப்பு அளவும் இன்னொன்றின் சிவப்பு அளவும் ஒன்றாக இருக்காது. நானே முதலில் பெரியதை வாங்கி, அழுத்தி நுழைத்து, ஈறைக் காயப்படுத்திக்கொண்டேன். லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும், கம்பி பல்லில் தட்டக்கூடாது. ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம். எனக்கு முன்னால் 0, கடைவாயில் 2. முதல் முறையே டாக்டரிடம் அளவு பார்த்துக் கேட்டுவிட்டால் காசு மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. திருகினால் கம்பி வளையும், வளைந்ததை நிமிர்த்தித் திரும்ப விட்டால் ஒடியும். எனக்கு ஒரு பிரஷ் எட்டு நாள் வருகிறது. இரண்டு அளவுக்கும் சேர்த்து மாதம் 250 ரூபாய் ஆகிறது, நூலைப்போல நாலைந்து மடங்கு. ஆனால் பராமரிப்பு என்று பார்த்தால், குழாயில் அலசி, உதறி, டம்ளரில் நிற்கவைத்தால் போதும். மூடி போட்டு ஈரத்தோடு வைக்காதீர்கள், நாற்றம் பிடிக்கும். முதல் நாள் கடைவாயிலிருந்து எடுத்து முகர்ந்தபோது வந்த வாடையை நான் மறக்கமாட்டேன். இத்தனை வருஷம் அது என் வாய்க்குள் இருந்திருக்கிறது. முதல் வாரம் ரத்தமும் வந்தது. பத்தாம் நாள் வாக்கில் நின்றது. இரண்டு மூன்று வாரமாகியும் உங்களுக்கு நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

பல் நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் இருக்கிறவர்களுக்கு பிரஷ் நுழையாது, அவர்களுக்கு நூல்தான். என் கீழ்வரிசை முன்பல்லில் அப்படி இரண்டு இடுக்கு உண்டு, அங்கே இன்றும் நூல்தான் போடுகிறேன். கிளிப் போட்டவர்களுக்குத் தண்ணீர் கருவி வசதி என்று என் அக்கா மகள் சொல்கிறாள். நான் கிளிப் போட்டதில்லை, அவள் வீட்டில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வேறு.

போன மாதம் மறுபடி அளந்தார்கள். ஐந்துகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மூன்றுக்கு வந்திருந்தது. டாக்டர் செய்த சுத்தத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு, பிரஷ்ஷுக்கு மட்டும் பெருமை கொடுத்துவிட முடியாது.

அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்தேன். 74 வயது, விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. நூலைச் சுற்ற முடியவில்லை. தண்ணீர் கருவி தொண்டைக்குள் அடித்து ஒருநாள் புரையேறியது. பிரஷ்ஷைக் கைப்பிடி பருமனானதாகப் பார்த்து வாங்கினேன். நேற்று போனில், "அந்த மஞ்ச பிரஷ் இன்னும் ரெண்டுதான்டா இருக்கு, வரும்போது வாங்கிட்டு வா" என்றார்.