எந்த ஆடு என்று ஒளிக்காமல் சொல்லும் கறிக்கடை

சிங்காநல்லூர் பக்கம் குடிவந்த பிறகு எங்களுக்கு வாய்த்த பாய் கடை இது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பச்சைத் திரையும் நடுவில் குழிவிழுந்த புளியமரக் கட்டையும்தான் அடையாளம். கோவையில் கண்ணாடிப் பெட்டியும் ஏசியும் போட்ட கறிக்கடைகள் எத்தனையோ வந்துவிட்டன. அங்கே எல்லாமே ‘மட்டன்’தான். வெள்ளாடா செம்மறியா, கிடாவா மறியா என்று கேட்டால் பில் போடும் பையன் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறான்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. கரிசல்காட்டில் மேய்ந்த வெள்ளாட்டுக் கறி தின்று வளர்ந்த நாக்கு. மனைவிக்குப் பவானி, அவர்கள் வீட்டில் செம்மறிதான், அதுவும் மேச்சேரி ஆடு என்றால் தனிச் சந்தோஷம். எனக்குச் செம்மறிக் கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவருக்கோ கிடாவின் மொச்சை வாடை லேசாக வந்தாலே தட்டு நகர்ந்துவிடும். இரண்டு நாக்குக்கும் ஒரே இடத்தில் கறி கிடைக்கிறது என்பதற்கே பாய்க்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இங்கே ஆட்டை உரித்துத் தொங்கவிடும்போது வாலையும் விதையையும் எடுப்பதில்லை. வாலைப் பார்த்து வெள்ளாடா செம்மறியா என்று தெரிந்துகொள்ளலாம். விதை சூம்பிப் போயிருந்தால் குட்டியிலேயே இடுக்கி போட்டுக் காயடித்த கிடா. திரண்டு தொங்கினால் காயடிக்காத பொலிகிடா. வயசும் ஏறியிருந்தால் குக்கர் விசில் அடிக்கும்போதே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

பருவத்துக்கு வந்த கிடா தன் மூத்திரத்தைத் தாடியிலும் முகத்திலும் தானே பீய்ச்சிக்கொள்ளும். கொம்படியில் வாசச் சுரப்பி வேறு. தோலைப் பிடித்த கையோடு கறியைத் தொட்டால் அந்த வாடை கறியிலும் ஏறும். இங்கே உரிப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர். நான் பார்த்த கடைகளில் இது அபூர்வம். ஆனால் உள்ளே இருக்கும் வாடை கையால் வருவதில்லை, கொழுப்பில் இருக்கிறது. கிடாவின் கொழுப்பில் 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம் என்று ஒன்று உண்டு. துளி இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். செம்மறி வாடைக்கும் இதன் உறவுக்கார அமிலம்தான் காரணம். அதனால் மஞ்சள் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினாலும் பெரிதாகப் பலன் இல்லை. கொழுப்பை அரிந்து எடுத்தால் குறையும். பாயிடம் சொன்னால் முகம் சுளிக்காமல் அரிந்து தருவார், எடை போடுவதற்கு முன்பே.

என் ருசியைச் சொல்லிவிடுகிறேன். வாடையே இல்லாத குட்டிக்கறி பிரியாணிக்குச் சரி; சுக்காவுக்கு அது போதாது. காயடித்த வெள்ளாடு, கொஞ்சம் முற்றல், தொடையில் கொழுப்போடு வெட்டி, மிளகு தூக்கலாகப் போட்டு வறட்டினால் வருகிற அந்த லேசான வாடைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். பாய்க்கும் இது தெரியும். போன மாதம் கத்தியை நிறுத்திவிட்டு, “சார், இது கொஞ்சம் முத்தல். அக்காவுக்கு ஆகாது. சுக்கான்னா எடுத்துக்கங்க, குழம்புன்னா அந்தச் சின்னதுல போடறேன்” என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சின்னது வெளிர்சிவப்பு, முற்றல் நன்றாகக் கறுத்த சிவப்பு. கிலோ 900 ரூபாய்க்கு விற்கிற பொருளில் இப்படி வாங்காதே என்று சொல்கிற வியாபாரியை எங்கே தேடுவது?

குறைகளும் உண்டு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் கழுத்தும் சப்பையும்தான் மிஞ்சும். கூட்டம் சேர்ந்துவிட்டால் துண்டு பெரிதும் சிறிதுமாக விழும். சிறிது கரையும்போது பெரிது வேகாமல் நிற்கும். சூடு ஆறாத கறியை நெகிழிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வீடு வருவதற்குள் உள்ளே வியர்த்து, நல்ல கறிக்கும் ஒரு புழுங்கல் வாடை வந்துவிடுகிறது. தூக்குவாளி கொண்டுபோய்விடுங்கள். சுவரொட்டி (மண்ணீரல்) வேண்டுமென்றால் சனிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும். குடலைச் சுத்தம் செய்து தரமாட்டார்கள், கேட்டும் பிரயோசனமில்லை.