மத்தியானம் திறக்கும், ராத்திரி மூடும்: பாடி கிட் மாட்டி மூன்று வருடம்

"அண்ணே, உங்க காருல இருக்கிற பாடி கிட்டை நீங்களே பெயிண்ட் அடிச்சு மாட்டினீங்களாமே? நானும் பண்ணலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் கதவுகளுக்குக் கீழே ஓடும் வலது சைடு ஸ்கர்ட்டை மூன்றாவது தடவையாகக் கழற்றிப் போட்டிருந்தேன். "வேண்டாம்டா" என்று முடித்துவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போனான். அவனிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

பாடி கிட் என்றால் காரின் தோற்றத்துக்காக வெளியே கூடுதலாக மாட்டும் துண்டுகள். என் கிட்டில் நாலு துண்டு. முன் பம்பருக்கு அடியில் முன் லிப், இரண்டு சைடு ஸ்கர்ட், பின் பம்பருக்கு அடியில் டிஃப்யூசர். முதல் மூன்றும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், பின்னது மட்டும் ஃபைபர். வண்டி மெட்டாலிக் சாம்பல். இந்த நிறத்தை வீட்டில் அடிக்க நினைப்பவனுக்குத் துணிச்சல் அதிகம், இல்லையென்றால் விவரம் பத்தாது. எனக்கு இரண்டாவது.

பெயிண்ட் விஷயத்தில் குறை சொல்ல மனசு வரவில்லை. மூன்று வருட வெயில், மழை, சரளைக்கல் எல்லாம் பார்த்த பிறகும் முன் லிப்பின் மேல்பக்கம் பளிச்சென்றுதான் இருக்கிறது. நிறமும் பம்பரோடு ஒத்துப்போகிறது. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த குறியீட்டைக் கொடுத்துக் கலந்து வாங்கிய பெயிண்ட்தான், ஆனால் குறியீடு சரியாக இருந்தால் நிறமும் சரியாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெட்டாலிக்கில் கை மாறினாலே நிறம் மாறும். ஈரமாக, கெட்டியாக அடித்தால் உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் அடியில் இறங்கி இருட்டாகத் தெரியும். தூர நின்று காய்ந்தாற்போல் அடித்தால் துகள்கள் மேலேயே நின்று வெளுத்துப்போகும். ஆறு அட்டைகளில் அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் பம்பர் பக்கத்தில் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் துண்டில் கைவைத்தேன். ஐந்தாவது அட்டை பொருந்தியது. ஸ்ப்ரே கன்னை ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி அடித்தது அது.

டிஃப்யூசரில் வேறு கதை. ஃபைபர் துண்டு வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்ததும் ஊசியால் குத்தியதுபோல் நூறு துளைகள். ஃபைபரின் வழவழப்பான மேல்தோலான ஜெல்கோட்டுக்கு அடியில் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழ்கள் அவை. துளை அடைக்கும் ஸ்டாப்பர் புட்டி இழுத்து, தேய்த்து, மறுபடி ப்ரைமர் அடித்தால் புதிதாக இருபது. ஃபைபர் வாங்கினால் நாலைந்து நாள் வெயிலில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெளிவரவேண்டியதெல்லாம் பெயிண்டுக்கு முன்பே வந்துவிடும். எனக்கு இது தெரிந்தபோது மூன்றாவது சுற்றில் இருந்தேன். அதே துண்டில் கடைசி க்ளியர் கோட் (நிறத்துக்கு மேல் வரும் நிறமற்ற பூச்சு) அடிக்கும்போது ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. எடுக்கப்போனால் விரல்தடம் விழும் என்று அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் நம்பர் பிளேட்டுக்குக் கீழே, இறக்கை விரித்தபடி இருக்கிறது. வண்டி கழுவும்போதெல்லாம் அதற்கு ஒரு துடைப்பு கூடுதலாக விழும்.

ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. டூ-கே க்ளியர் என்பது இரண்டு திரவம் கலந்து அடிப்பது; அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலே மூச்சிரைப்பு வரும். கைக்குட்டை, துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் உதவாது. நான் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போட்டுத் திறந்தவெளியில் அடித்தேன். தொழில்முறையில் செய்கிறவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி போடுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இனி அந்த க்ளியரை மட்டும் நான் அடிக்க மாட்டேன். ப்ரைமரும் கலரும் வரை நாம், க்ளியருக்கு மட்டும் பெயிண்டரின் பூத் (மூடிய பெயிண்ட் அறை) என்று பிரித்துக்கொள்ளலாம். அதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை.

இனி அந்த வலது ஸ்கர்ட்.

மாட்டி நாலு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் கதவைத் திறந்து இறங்கும்போது, பின்கதவுக்குக் கீழே ஸ்கர்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒரு சாண் நீளம். விசிட்டிங் கார்டை விட்டுப் பார்த்தேன், தாராளமாக உள்ளே போனது. சாயங்காலம் மச்சானைக் கூட்டிவந்து காட்டினால் கோட்டைக் காணோம். கார்டு நுனிகூட நுழையவில்லை. "மாமா, வெயில்ல நின்னு கண்ணு கட்டியிருக்கும்" என்றான். மறுநாள் மத்தியானம் மறுபடி கோடு. இந்தக் கண்ணாமூச்சி இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. முதல் தடவை கழற்றி, ஸ்கர்ட்டைப் பாடியோடு ஒட்டும் இருபக்க டேப்பைப் புதிதாக ஒட்டினேன். இரண்டாவது தடவை டேப்போடு பாலியூரிதேன் பசையும் சேர்த்தேன். இரண்டும் வெயில் காலம் வரைக்கும்தான்.

இவ்வளவு நாளும் திட்டு வாங்கியது கிட் செய்தவன். அச்சு கோணல், துண்டு வளைசல் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் பாதி உண்மை, பின்சக்கர வளைவில் இரண்டு மில்லிமீட்டர் ஒட்டாமல்தான் வந்தது. ஆனால் அதே அச்சு வம்சத்தில் பிறந்த இடது ஸ்கர்ட் மூன்று வருடமாக ஒரு மயிரிழை அசையவில்லையே? இந்தக் கேள்வி போன வாரம்தான் உறைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். துண்டு ஒன்றரை மீட்டர். ஏபிஎஸ் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.08 மில்லிமீட்டர் அளவில் நீளும். காலையில் 25 டிகிரியில் இருக்கும் துண்டு, அடர்நிறப் பெயிண்டோடு உச்சி வெயிலில் 65ஐத் தொடுவது சாதாரணம். நாற்பது டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும். அதே தூரத்தில் பாடியின் இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. நானோ இரண்டு முனையையும் சக்கர வளைவில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டேன். மிச்ச 4 மில்லிமீட்டர் எங்கே போகும்? நடுவில் வெளியே பிதுங்கும். வலது பக்கத்தை மாட்டியது விடியற்காலைக் குளிரில். இடது பக்கத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, துண்டு ஏற்கெனவே நீண்டு கிடந்தது. அதனால் ராத்திரியில் சுருங்கி விறைப்பாக நிற்குமே தவிர, பிதுங்க வழியில்லை. என் திறமையென்று இத்தனை நாள் நான் மெச்சிக்கொண்ட இடது பக்கம், சோம்பலில் தாமதமாகத் தொடங்கியதால் பிழைத்தது.

இன்னொரு விஷயமும் வெளிவந்தது, இது வெட்கக்கேடு. ஸ்கர்ட்டை இழுத்தபோது டேப் பாடியிலேயே இருந்தது. டேப்போடு சேர்ந்து என் பெயிண்டும் இருந்தது. துண்டின் உள்விளிம்பிலிருந்து, சூடான பால் மேல் படியும் ஆடை மாதிரி, ப்ரைமரோடு உரிந்து வந்திருந்தது. டேப் தோற்கவில்லை, அது பிடித்துக்கொண்டிருந்த பெயிண்ட் தோற்றிருக்கிறது. வெளிப்பக்கத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தவன், உள்விளிம்பைத் தேய்க்கவே இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டது நன்றாக நினைவிருக்கிறது. அச்சிலிருந்து துண்டு பிரிய வேண்டும் என்று அடிக்கும் மெழுகும் அங்கே கழுவப்படாமல் இருந்திருக்கும். கிட் செய்தவனைத் திட்டியதில் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இரண்டு மில்லிமீட்டருக்கான கால்வாசி அவனுக்கே இருக்கட்டும்.

இந்தத் தடவை உள்விளிம்பைப் பிளாஸ்டிக் வரை தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, ப்ரைமரிலிருந்து திரும்ப அடித்தேன். நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, ஓரத் துளைகளை அரத்தால் நீளவாக்கில் அகட்டி, அகல வாஷர் போட்டு, துண்டு நகரும் அளவுக்கு விட்டேன். டேப் ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைத்து, மூன்று நாள் வண்டியைத் தொடவில்லை. அக்ரிலிக் ஃபோம் டேப் முழுப்பிடி பிடிக்க 72 மணி நேரம் வேண்டும். முதல் இரண்டு தடவையும் அன்று சாயங்காலமே வண்டியைக் கழுவிய புண்ணியவான் நான். மாட்டியது பகல் ஒரு மணிக்கு.

சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு. முன் லிப்பின் அடிப்பக்கம் வேகத்தடைகளில் தேய்ந்து ப்ரைமர் தெரிகிறது, குனிந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும். பஞ்சர் ஒட்டவந்தவர் ஜாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்கர்ட்டிலேயே வைக்கப்பார்த்தார். அன்றிலிருந்து நான் பக்கத்தில் நிற்காமல் வண்டி தூக்கப்படுவதில்லை. பாடியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பசையால் அடைத்துவிடாதீர்கள், உள்ளிருந்து துரு ஏறும். இதை மட்டும் முதல் நாளே சரியாகச் செய்தேன்.

புதிதாக மாட்டி எட்டு நாள் ஆகிறது. தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விசிட்டிங் கார்டோடு போய்ப் பார்க்கிறேன். இதுவரை நுழையவில்லை. ஆனால் வெயில் இன்னும் ஏறவில்லை.

தம்பிக்குச் சொன்ன பதிலை மாற்றவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கொடுக்கத் தயாராக இல்லாதவன் பெயிண்ட் அடித்து வரும் கிட்டை வாங்கி, மாட்டவும் ஆள் வைத்துக்கொள்ளட்டும். "சரிண்ணே, விட்டுடறேன்" என்றுதான் அவனும் சொன்னான். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி: "அண்ணே, ஸ்ப்ரே கன் நாசில் எத்தனை மில்லிமீட்டர்?"

"கலருக்கும் க்ளியருக்கும் 1.3. ப்ரைமருக்கு 1.7. உள்விளிம்பைத் தேய்" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.