ஊர்ப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

செவித்திறன் குறைந்த பிள்ளையை எங்கே சேர்ப்பது? மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளை இரண்டில் எதிலும் இலவசமாகப் படிக்கலாம்.

சேர்க்கை
ஊர்ப் பள்ளி: "சிறப்புப் பள்ளிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற தனியார் பள்ளிக்கும் இதே கடமைதான்.
சிறப்புப் பள்ளி: இடமும் இருக்க வேண்டும், குறைபாட்டின் வகையும் பொருந்த வேண்டும்.

ஆசிரியர்
ஊர்ப் பள்ளி: சிறப்பாசிரியர் வந்துபோனாலும் அன்றாடப் பொறுப்பு வகுப்பாசிரியருடையது. கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினால் பிள்ளைக்கு உதட்டசைவு தெரியாது. திரும்பி நின்று பேச வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஜன்னலோரம் உட்கார வைத்தால் காதுக் கருவி அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். முன்வரிசையில், காற்றுக்கு மறைவாக இடம் கொடுப்பதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். சட்டம் கேட்கும் நியாயமான வசதி அது. பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதும் பள்ளியின் கடமையே.
சிறப்புப் பள்ளி: இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற ஆசிரியர்கள், சைகை மொழியில் பேசிப் பழகத் தோழர்கள்.

தூரம்
ஊர்ப் பள்ளி: பெரும்பாலும் நடை தூரம்.
சிறப்புப் பள்ளி: பலருக்கு விடுதிதான். அப்பா கடலுக்குப் போகிற வீட்டில், சின்னப் பிள்ளையைப் பிரிவது லேசான காரியமில்லை.

கருவியோடு பேச்சைப் பின்தொடரும் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளியே என் தேர்வு. சைகை மொழியே முதல் மொழி, ஊரில் அது தெரிந்தவர் யாருமில்லை என்றால் சரி, சிறப்புப் பள்ளி. ஊர்ப் பள்ளி மறுத்தால் மட்டும், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.