டாப்ஸ் 2024 முழு செட்: உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்குமா?

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகளை அச்சிடும் அமெரிக்க நிறுவனம் டாப்ஸ். அதன் 2024 பேஸ்பால் முழு செட் பெட்டியில் அந்த ஆண்டு வந்த சீரிஸ் 1, சீரிஸ் 2 இரண்டின் அடிப்படைக் கார்டுகள் 700-ம் அடக்கம். ஒவ்வொன்றும் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். மொத்தம் ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வைத்துவிடக்கூடிய எடைதான். பார்சலில் வரவழைத்தால் கார்டு விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் சுங்கவரிக் கணக்கு. மேலே ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்வதால் வரி தள்ளுபடியாகிவிடாது.

பாக்கெட் பாக்கெட்டாக உடைத்துச் சேர்க்கலாமே என்றால், கணக்கு உதைக்கும். சீரிஸ் 1-இல் மட்டும் 350 எண்கள். குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக உருவினால் 350-ம் நிறைய, சராசரியாக 2,250 கார்டு எடுக்க வேண்டும். ஒரே பெட்டியில் ஒரே எண் குவியாதபடி கலந்து அடைக்கிறார்கள் என்பதால் நிஜத்தில் அவ்வளவு போகாது. ஆனாலும் கடைசி இருபது முப்பது எண்ணுக்கு இரட்டைகளை மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும். அமெரிக்காவில் அதற்குக் கடைகளும் சந்தைகளும் உண்டு. இங்கே மண்டபம் ஊரில் யாரிடம் மாற்றுவது? பிக் ஃபன் பபிள்கம் சீட்டு சேர்த்த தலைமுறைக்கு இந்த வலி புரியும். ஆகவே இங்கிருந்து சேர்ப்பவர் முழு செட்டாக வாங்குவதே சரி.

‘முழு’ என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆண்டுக் கடைசியில் வரும் அப்டேட் வரிசை இந்தப் பெட்டியில் கிடையாது. வீரர் எல்லி டி லா க்ரூஸின் அறிமுகக் கார்டு (புதுமுகமாக வரும்போது போடும் கார்டு) உள்ளே இருக்கும், இன்னொரு புதுமுகமான பால் ஸ்கீன்ஸின் கார்டு இருக்காது; அவர் அப்டேட்டில்தான் வந்தார். உதிரியாக வாங்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு: ஒரே எண்ணில் வேறு படம் போட்ட அரிய கார்டுகளும் உலவும். பின்பக்க அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கிறதே, அதன் கடைசி இலக்கங்களை வைத்துத்தான் எது சாதா, எது மாற்றுப்படம் என்று பிரிக்க முடியும். லென்ஸ் இல்லாமல் ஆகாது.

அச்சில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுகளை இறுக்கிச் சுற்றியிருப்பதால் ஒவ்வொரு கட்டின் முதல் கார்டும் கடைசிக் கார்டும் மூலையில் அடி வாங்கியிருக்கலாம். அவற்றை முதலில் பாருங்கள்.

சேகரிப்பாளர்கள் நடுவே ‘சீல் உடைக்காதே, மதிப்புப் போய்விடும்’ என்று ஒரு வேதவாக்கு உண்டு. நம் கரையில் அது செல்லாது. வெப்பத்தில் சுருக்கிய ஃபிலிமில் காற்று வெளியேற ஊசித்துளைகள் இருக்கும். வாடைக்காற்றின் ஈரம் அதே வழியாக உள்ளே போகும். கார்டின் முகம் பளபளப்புப் பூச்சு, முதுகு அவ்வளவு பூச்சில்லாத காகிதம். முதுகு ஈரத்தைக் குடித்து விரிய, முகம் விரியாமல் நிற்க, கார்டு முகப்பக்கமாக வளையும். மேசையில் முகம் மேலாக வைத்தால் நடு தொட்டுக்கொண்டு ஓரம் தூக்கி நிற்கும். மினுமினுப்பு ஃபாயில் கார்டுகள் இன்னும் மோசம். மாதக்கணக்கில் இறுக்கத்திலேயே கிடந்தால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி செங்கல்லாகிவிடும். பிரித்தால் அச்சு உரியும். கடலுக்கும் இந்தக் கார்டுக்கும் பகை பழையது. டாப்ஸின் 1952 செட்டை உருவாக்கிய சை பெர்கர், விற்காமல் கிடந்ததை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அந்த வரிசையின் மிக்கி மாண்டில் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போனது.

ஆகவே சீலை உடையுங்கள். பெட்டி ஏசி அறையிலிருந்து வந்திருந்தால் அரை நாள் அப்படியே வைத்துவிட்டு உடையுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கார்டில் வியர்க்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதத்தில் ஒரு நண்பகல் இதற்குத் தோது. நிலக்காற்று என்பதால் ஈரம் குறைவு. புழுதிக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பைண்டரில் போடுவதானால் ஒன்பது பை கொண்ட தாள். பைக்கு இரண்டாக, முதுகோடு முதுகு வைத்தால் 39 தாள் போதும். பாலிபுரொப்பிலீன் தாளாக இருக்க வேண்டும். பிவிசி தாள் நம் வெயிலில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, தாளின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள்; சுடர் பச்சையானால் பிவிசி. இதைத் திறந்தவெளியில் செய்யவும், புகை நல்லதல்ல. இந்தத் தாள்களுக்கு மூன்று துளை. நம்மூர் ஸ்டேஷனரிக் கடையின் இரண்டு துளை ஃபைலில் மாட்டாது. டி வடிவ வளையம் வாங்குங்கள், வட்ட வளையம் உள்வரிசைக் கார்டில் தடம் பதிக்கும். எந்த வளையமானாலும் பாம்பன் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்காது.

அதனால் இந்தக் கரைக்குப் பைண்டரைவிட டப்பா மேல். ரப்பர் வளையம் உள்ள ஏர்டைட் டப்பாவில் 350, 350-ஆக இரண்டு வரிசை, கார்டுகள் நின்ற நிலையில். படுக்கவைத்து அடுக்கினால் எடையே ஒட்டவைக்கும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. அறிமுகக் கார்டுகளுக்கு மட்டும் மெல்லிய உறை போதும். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு சிலிகா ஜெல் மணிகள் 50 கிராமைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, சின்ன ஈரமானி ஒன்றையும் வையுங்கள். 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். அதற்குக் கீழே மிகவும் இறங்கினால் கார்டு எதிர்ப்பக்கம் வளையும், அப்போது ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வளைந்த கார்டை வெயிலிலோ இஸ்திரியிலோ காட்டாமல் இதே டப்பாவில் லேசான நெருக்கத்தில் வைத்தால் சில நாளில் பெரும்பாலும் நிமிரும்.

ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஜெல்லைப் பாருங்கள். பச்சை நிறமாகிவிட்டால் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். ஓவன் இல்லையென்றால் சிறு தீயில் சட்டி. சமையலுக்கு எடுக்காத சட்டியாக இருக்கட்டும்.