ஊட்டிக்கு மூன்று மலைப்பாதைகள்: பைக்கில் எதில் ஏறுவது, எதில் இறங்குவது?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கும், மற்றொன்று குஞ்சப்பனை, அரவேனு வழியாகக் கோத்தகிரிக்கும் ஏறுகிறது. இவற்றைத் தவிர, காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் மூன்றாவது பாதையும் உண்டு. மூன்றும் கடைசியில் ஊட்டியில்தான் முடிகின்றன என்றாலும், இருசக்கர வாகனத்தில் போகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல. எது சிறந்த பாதை என்று பொதுவாகக் கேட்பதைவிட, எதில் ஏறுவது, எதில் இறங்குவது என்று தனித்தனியே கேட்பதுதான் சரி.

குன்னூர் பாதைதான் நெருங்கிய வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 52 கிலோமீட்டர். கல்லாற்றின் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே நேராகப் போகும் சாலை, மலையடிவாரத்தில் சட்டென்று நிமிர்ந்து, 14 கொண்டை ஊசி வளைவுகளில் குன்னூரை எட்டுகிறது. பர்லியாற்றில் பருவகாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும். மலை ரயில் ஓடும் நாளில் பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு மடிப்பிலிருந்து நீராவி இன்ஜினின் கூவல் கேட்கும். இவ்வளவு இருந்தும் இந்தப் பாதையில் பைக் ஓட்டும் சுகம் குறைவு என்பதே என் கருத்து. பேருந்து, காய்கறி லாரி, சுற்றுலா வேன் என எல்லாமே இதில்தான் வருகின்றன. இறங்கி வரும் பேருந்து ஒன்று வளைவில் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பதைத் தவிர பைக்காரருக்கு வேறு வழியில்லை. சமவெளிக்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறும்போது இடப்புறம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். வளைவிலேயே செங்குத்து மிக அதிகமான இடம் அதுதான். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைக்கலாம் என்று கிளட்சைப் பிடித்தால், வண்டி இழுவை இழந்து, பின்னால் அமர்ந்திருப்பவரோடு சேர்த்துச் சாய்ந்துவிடும். முதல் கியரோ இரண்டாவதோ, அதை வளைவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கோத்தகிரி வழியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் அந்தக் கூடுதல் தூரம்தான் பைக்காரருக்கு லாபம். கொண்டை ஊசிகள் குறைவு. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நீளும் அகன்ற வளைவுகளே அதிகம் என்பதால், வண்டி ஒரே சீரான வேகத்தில் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து போகும். குஞ்சப்பனை சோதனைச்சாவடிக்கு மேலே காடு அடர்ந்திருக்கும். அரவேனுவை நெருங்கும்போது தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால் கேத்தரின் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். பலாக்காய்க் காலத்தில் குஞ்சப்பனைச் சுற்றுப்புறத்தில் யானைகள் சாலைக்கே வந்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். ஹாரன் அடிப்பதும் வேகமெடுத்துக் கடக்கப் பார்ப்பதும் அங்கே உதவாது. தொலைவிலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருப்பதே வழி.

இறங்குவதற்கு நான் கோத்தகிரியையே சொல்வேன், அதற்குக் காரணம் பிரேக். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டரில். ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். குன்னூர் பாதையில் இதன் பெரும்பகுதியை அடுத்தடுத்த கொண்டை ஊசிகளில், முன்னே போகும் லாரியின் வேகத்துக்கு ஏற்ப, நொடிக்கொருமுறை பிரேக் பிடித்தே கடக்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை நானும் அப்படித்தான் இறங்கினேன். பர்லியாற்றை நெருங்கும்போது கருகிய வாடை வந்தது. லாரியின் வாடை என்றே நினைத்திருந்தேன். மிதித்த பின்பிரேக் வழக்கத்தைவிட ஆழமாகப் போய், வண்டி நிற்காமல் நழுவியபோதுதான் அது என் வண்டியின் பிரேக் டிரம்மிலிருந்து வருகிறது என்று புரிந்தது. அரைமணி நேரம் ஓரங்கட்டி ஆறவிட்ட பிறகே கிளம்ப முடிந்தது. கோத்தகிரிப் பாதையின் நீள வளைவுகளில் மூன்றாவது கியரிலோ இரண்டாவதிலோ இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும்.

கோடைக் கூட்டத்தின்போது மாவட்ட நிர்வாகம் ஒருவழிப் பாதை முறையைக் கொண்டுவரும்போதும், குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்குவதே வழக்கம். நெரிசலுக்காகச் செய்த ஏற்பாடு அது என்றாலும் பைக்காரருக்கும் பொருந்திவிடுகிறது. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதால், கிளம்புவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும்.

மஞ்சூர் பாதை வேறு ரகம். 43 கொண்டை ஊசி வளைவுகள், குறுகிய சாலை, கெத்தையில் மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்கள், அவற்றைச் சுற்றிலும் யானைக்காடு. பல வளைவுகளில் நம் வண்டியின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. மூன்றில் அழகு எது என்று மட்டும் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் முதல் மலைப் பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டயர் பஞ்சரானால் அடுத்த கடை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெட்ரோலைக் காரமடையிலேயே நிரப்பிவிடுவது நல்லது. தனியாகப் போகக் கூடாது. காலையில் நன்றாக விடிந்த பிறகு ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் மஞ்சூரைத் தொட்டுவிட வேண்டும். சுற்றுலா வண்டிகளை அன்று விடுகிறார்களா என்பதைச் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மஞ்சூர் இருக்கும் குந்தா பகுதி தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. அதே பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு ஆபத்து வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் அங்கே ஏற்பட்ட நிலச்சரிவுகளைக் கண்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மஞ்சூரையும், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மற்ற இரண்டையும் நான் தவிர்க்கிறேன். ஜனவரியும் பிப்ரவரியும் மூன்றுக்குமே ஏற்றவை. அப்போது மஞ்சூர் வழியாக ஏறி, ஊட்டியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் பனி விலகியதும் கோத்தகிரி வழியாக இறங்கினால், வெயில் ஏறும் வேளையில் குஞ்சப்பனையைத் தாண்டும்போது ஜெர்க்கினைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டியிருக்கும்.