ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவதா, மூட்டையோடு ஊர் ஊராகப் போவதா? கிராமப்புறச் சைக்கிள் பயணம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வயலும் குன்றும் ஆறும் சிற்றூர்களும் கலந்த ஒரு நிலப்பகுதியை ஒரு வாரம், பத்து நாள் சைக்கிளில் பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘எந்த சைக்கிள்?’ என்றுதான். அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. இரவுத் தங்கல் எப்படி என்பது முதலில் முடிவாக வேண்டும். தங்குமிடம் மாறுமா, மாறாதா என்பதைப் பொறுத்துச் சுமை; சுமையைப் பொறுத்துப் பை; பையும் பாதையும் சேர்ந்தே சைக்கிளை முடிவு செய்யும். இந்த வரிசை தலைகீழானால் தேவைக்கு மேற்பட்ட மூட்டையும் சரளையில் திணறும் சைக்கிளுமாகத் தார்ச்சாலையிலேயே பயணம் முடிந்துவிடும். பார்க்க வந்த இடங்களோ அந்தச் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும்.

ஒரே ஊரில் தங்கினால்

நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். தங்குமிடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் வட்டப் பாதை என்றால், அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 16 கிலோமீட்டர். கிராமச் சாலைகள் வளைந்து நெளிந்து போகும். அதனால் நேர்கோட்டில் 12 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. கேட்கச் சின்ன வட்டாரமாகத் தெரியும். ஆனால் 12 கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஐந்தாறு நாளில் அதன் ஒற்றையடிப் பாதைகளையும் வாய்க்கால் கரைகளையும் பார்த்து முடிக்க முடியாது.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊரை விட்டு வெளியேறும் முதல் நான்கைந்து கிலோமீட்டரும் திரும்பும் கடைசி நான்கைந்தும் நாள்தோறும் அதே சாலையாக அமைந்துவிடும். இரண்டே சாலைகள் உள்ள ஊரில் தங்கினால் மூன்றாம் நாள் சலிப்பு தட்டும். எனவே குறைந்தது நான்கு திசைகளில் சாலை பிரியும் ஊராகப் பார்த்துத் தங்க வேண்டும். அந்த ஊர் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதும் முக்கியம். மேட்டில் தங்கினால் காலையில் இறக்கம் சுகமாக இருக்கும், மாலையில் களைத்த கால்களோடு கடைசி ஏற்றம் காத்திருக்கும். காட்சி அழகுக்காக மலையுச்சி விடுதியைப் பிடிப்பவர்கள் இரண்டாம் நாளிலேயே இதை உணர்வார்கள்.

காற்றுக்கும் இதே கணக்குதான். காலையில் எதிர்காற்றில் போய், மாலையில் காற்று முதுகைத் தள்ளத் திரும்ப வேண்டும். வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை முந்தைய இரவு காற்றின் திசையைப் பார்த்துத் தீர்மானித்தால் போதும்.

சுமையோ மூன்று கிலோவுக்குள் அடங்கும்: மழைச்சட்டை, இரண்டு டியூப், பம்பு, கருவிகள், குடிநீர், கொறிக்க ஏதாவது. மழை நாள் வந்தால் அன்று ஓய்வு; திட்டம் எதுவும் குலையாது.

ஊர் ஊராக நகர்ந்தால்

ஆறு நாளில் 300 கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர்கூடத் திரும்ப வராத புது நிலம். நதி மலையில் கசிவாகத் தொடங்கிச் சமவெளியில் அகன்று விரிவதையும், மண்ணின் நிறமும் பயிரும் வீட்டுக் கூரையும் மெல்ல மாறுவதையும் தொடர்ச்சியாகக் காண வேறு வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நகரும் பயணத்தை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான ஆசைதான்.

இதற்கெதிராகச் சொல்லப்படுவது சுமை. அந்தப் பயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 10 கிலோ கூடுதல் சுமையை 1,000 மீட்டர் உயரம் ஏற்றத் தேவையான ஆற்றல் சுமார் 98,000 ஜூல். சாதாரணப் பயணி மணிக்கணக்கில் தரக்கூடிய 130 வாட் அளவில் மிதித்தால், அந்த 10 கிலோவால் கூடும் நேரம் 12, 13 நிமிடம். நாள் முழுக்க ஏறும் ஏற்றத்துக்கு அது ஒன்றுமில்லை.

உண்மையான இழப்பு சைக்கிளை நிறுத்தும்போது வருகிறது. மூட்டை கட்டிய சைக்கிளைச் சாலையோரம் விட்டுவிட்டு அரை மணி நடந்து அருவிக்குப் போக மனம் வராது. வேலியைத் தாண்டித் தூக்கி வைக்கவும் முடியாது. 14 கிலோ சைக்கிளும் 15 கிலோ மூட்டையும் சேர்ந்தால் ஒருவர் தூக்கும் எடையல்ல. அடுத்த ஊரில் அறை பதிவாகியிருப்பதால், கண்ணில் பட்ட கிளைப்பாதையில் திரும்பவும் தயங்குவோம். ஆக, நகரும் பயணத்தில் நீளம் கிடைக்கிறது, ஆழம் குறைகிறது.

பைகள்: கேரியரில் தொங்கவிடுவதா, சட்டத்தில் கட்டுவதா

நகர்வதென்று முடிவானால் அடுத்த சண்டை இது. இருபுறமும் தொங்கும் பக்கப்பைகள் பின்னால் ஒரு ஜோடி 40 லிட்டர் கொள்ளும். சைக்கிளின் உடற்சட்டத்தில் பட்டையால் கட்டும் முறையில் சீட்டுக்குப் பின்னால் ஒன்று, சட்டத்தின் முக்கோணத்தில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒரு சுருள் என மூன்றும் சேர்ந்து 25 முதல் 30 லிட்டர். அறையில் தங்குகிறவருக்கு இரண்டுமே போதும். கூடாரமும் சமையல் சாமானும் உண்டென்றால் சட்டப்பைகளில் திணற வேண்டியிருக்கும்.

பக்கப்பையின் பெரிய வசதி, ஒரே இழுப்பில் கழற்றி அறைக்குள் கொண்டு போகலாம் என்பது. சட்டப்பைகளைக் காலையில் இறுக்கிக் கட்டவே அரை மணி ஆகும். நடுவழியில் மழைச்சட்டை தேவைப்பட்டால் எந்தச் சுருளில் அது இருக்கிறது என்று தேட வேண்டும். ஆனால் தார்ச்சாலை முடிந்து கல்லும் வேரும் தொடங்கும் இடத்தில் நிலைமை மாறுகிறது. பக்கப்பை இருபுறமும் அகன்று நிற்பதால் புதர் நெருங்கிய தடத்தில் உரசும், எதிர்காற்றை வாங்கும், ஒவ்வொரு குலுக்கலும் கேரியரின் போல்ட்டுகளுக்குப் போகும். சட்டப்பை உடலோடு ஒட்டி இருக்கும்.

கேரியரில் என்ன கெடும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பயணத்துக்கென்று செய்த பின் கேரியர்கள் பலவற்றின் தாங்குதிறன் 25 கிலோ. அது கம்பியிலேயே பொறித்திருக்கும். எடையின் பெரும்பங்கைத் தாங்குபவை அச்சுக்கு அருகே உள்ள இரண்டு எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுகள்தாம். அதிர்வில் அவை தளரும். தளர்ந்த போல்ட் துளைக்குள் ஆடி ஆடி வளைந்து கடைசியில் முறியும்; முறிந்த துண்டைத் துளையிலிருந்து எடுப்பது பெரும்பாடு. புறப்படும் முன் மரையில் நடுத்தர வலிமையுள்ள பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்க வேண்டும். பிறகு தினமும் காலையில் ஒரு முறை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அதே நீளமுள்ள இரண்டு உபரி போல்ட், நான்கைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டை கையிருப்பில் இருக்கட்டும். சங்கிலிப் பக்கத்து போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால், கடைசிச் சிறுபல்லில் ஓடும் சங்கிலி அதில் இடிக்கும். மாட்டியவுடன் அந்தக் கியரில் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

குதிகால் இடிப்பது இன்னொரு தொல்லை. பெடல் தண்டுகள் சுற்றும் நடு அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள நீளம் 430 மில்லிமீட்டருக்குக் குறைவான சைக்கிள்களில், பெரிய பாதம் உள்ளவரின் குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் பையில் முட்டும். பையின் கொக்கிகளைத் தளர்த்திப் பையைப் பின்னுக்குத் தள்ளலாம். அதிகம் தள்ளினால் எடை பின் அச்சுக்கு அப்பால் போய், ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அலையும், இறக்கத்தில் வண்டியே உதறும். கனமானவற்றைப் பையின் அடியில், முன்பக்கம் வைப்பதும், இடது வலது எடை வித்தியாசத்தை ஒரு கிலோவுக்குள் வைப்பதும் இதற்குப் பாதி மருந்து.

பின்சக்கரக் கம்பிகளையும் மறக்கக் கூடாது. 15 கிலோ வரை 32 கம்பிச் சக்கரம் தாங்கும். அதற்கு மேல் 36 நிம்மதி. 24 கம்பிச் சக்கரத்தில் பக்கப்பை மாட்டவே வேண்டாம். முதலில் அறுவது வலப்பக்கக் கம்பிதான், காரணம் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட்டு அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் கூடுதல் இழுவிசையோடும் நிற்பதுதான். ஒன்று அறுந்தால் ரிம் அந்த இடத்தில் இடப்பக்கம் சாயும். அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஊர் போய்ச் சேரும் அளவுக்கு நிமிரும்.

சட்டப்பைகளின் குறை எளியது. சீட்டுப் பை வால் போல ஆடும். கனமானதைச் சீட்டுத் தண்டுக்கு அருகே திணித்து, காற்றில்லாமல் கெட்டியாக அடைத்தால் ஆட்டம் குறையும். மூன்று, நான்கு கிலோவுக்கு மேல் அதில் ஏற்றக் கூடாது. குள்ளமானவர்களுக்கு, டயருக்கும் சீட்டுக்கும் நடுவே இடம் போதாமல் பள்ளத்தில் விழும்போதெல்லாம் பையின் அடி டயரில் தேயும்; அவர்களுக்குச் சிறிய கேரியரே மேல். பட்டைகள் உரசும் இடத்தில் ஒட்டுநாடா சுற்றாவிட்டால் சில நாளில் பெயின்ட் போய்விடும்.

முதுகுப்பை எதற்கும் தீர்வல்ல. அதன் எடை முழுவதும் இருக்கை எலும்பிலும் உள்ளங்கையிலும் இறங்கும். இழுவை வண்டி, குழந்தையோடு போகிறவர்களுக்கு மட்டும்.

சொந்த சைக்கிள், வாடகை சைக்கிள், மின்சைக்கிள்

மூன்றையும் ஒப்பிடும் அளவுகோல் மிகச் சிறிய கியர். சைக்கிளும் சுமையும் ஆளுமாக 95 கிலோ. 8 சதவீத ஏற்றம். நிமிடத்துக்கு 60 மிதி. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 42 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்று இருந்தால் அந்த வேகத்தில் 250 வாட்டுக்கு மேல் தேவை. பத்து நிமிடத்தில் இறங்கி உருட்ட வேண்டியதுதான். முன்னும் பின்னும் 34 என்றால் சுமார் 170 வாட். முன் 40, பின் 50 என்றால் 140 வாட்டுக்கு அருகில் வந்துவிடும்; பேசிக்கொண்டே ஏறலாம். முன்பல்லின் எண்ணிக்கை பின்பல்லைவிடக் குறைவாக இருக்கும் ஒரு கியராவது வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி.

வாடகை சைக்கிளில் இதையே முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு பிரேக் கட்டைகளின் தடிமன், சக்கரம் நேராக ஓடுகிறதா, டியூபின் வால்வு நாம் கொண்டுபோகும் பம்புக்குப் பொருந்துமா. கடைசியாகச் சொன்னதைப் பலர் பஞ்சரான பிறகே கவனிக்கிறார்கள். சீட்டின் உயரம், குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராகும் அளவு இருக்கட்டும். உடலுக்குப் பழகிய சொந்தச் சீட்டையும் பெடலையும் கொண்டுபோய் மாட்டிக்கொள்வது ஒரு கிலோவுக்குள் கிடைக்கும் பெரிய நிம்மதி. பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும்.

சொந்த சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லும்போது அடிக்கடி சேதமாவது, பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு. கியர் மாற்றியைக் கழற்றிச் சட்டத்துக்குள் கட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும் என்பதால் உபரி ஒன்று கட்டாயம். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் கட்டைகளுக்கு நடுவே அட்டையோ பிளாஸ்டிக்கோ செருக வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கைப்பிடி தற்செயலாக அழுந்தி, கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரமே நுழையாது. இரண்டு, மூன்று நாள் பயணத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, வாடகையே போதும். ஒரு வாரத்தைத் தாண்டினால் சொந்த சைக்கிள்.

மின்சைக்கிள் மலைப்பாங்கான வட்டாரத்தைப் பலருக்கும் திறந்துவிடும் நல்ல கருவி. ஆனால் அது ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவதற்கே முழுதாகப் பொருந்தும். 500 வாட்மணி பேட்டரி, கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்மணி செலவில் 40 முதல் 60 கிலோமீட்டர் தரும். முழுதாக ஏற 4 முதல் 6 மணி நேரம். சைக்கிளின் எடையே 20 கிலோவுக்கு மேல். பேட்டரி தீர்ந்த பிறகு ஏற்றத்தில் அதை மிதிப்பது தண்டனை. 160 வாட்மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் அனுமதிப்பதில்லை. எனவே தொலைவிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே வாடகைதான் வழி.

எதுவானாலும் டயர் 37 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். மேலே சொன்ன 95 கிலோவுக்கு 40 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தம் பின்னே 45, முன்னே 38 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் அழுத்த அளவு) என்று தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவு, ரிம் கடித்திருக்கிறது. ஒற்றைத் துளை என்றால் முள். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும்.

நடுவழி

பத்து நாளோ அதற்கு மேலோ இருந்தால் எங்கள் தேர்வு, மூன்று ஊர்களில் மும்மூன்று இரவுகள். ஊர்களுக்கிடையே 40 முதல் 50 கிலோமீட்டர். நகரும் நாட்கள் இரண்டுதான். அன்று மட்டும் மூட்டை, அன்று பெருஞ்சாலையைத் தவிர்த்த எளிய தார்ப்பாதை. மற்ற நாட்களில் பைகள் அறையில் கிடக்கும், கேரியர் வெறுமையாக இருக்கும், சரளையோ வாய்க்கால் கரையோ எதிலும் புகலாம். இந்த ஏற்பாட்டில் பக்கப்பையே வெல்கிறது, கழற்றுவது எளிது என்பதால். சுமையைக் குறைத்து மூன்று நாளுக்கான உடைகளோடு நிறுத்தி அறையில் துவைத்துக்கொண்டால் 8 கிலோவுக்குள் முடியும். 32 கம்பிச் சக்கரமும் சாதாரணக் கேரியரும் போதும்.

விடுதியிலிருந்து விடுதிக்கு மூட்டையை வேனில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு கிடைக்கும் இடங்களில் அதையும் பயன்படுத்தலாம். மழைச்சட்டையையும் கருவிப் பையையும் மருந்தையும் மட்டும் அந்த வேனில் ஏற்றாதீர்கள்.

நகரும் நாளை எந்த நாளாக வைப்பது என்பதை முன்பே இறுக்கிக் கட்ட வேண்டாம். அறைகளை ஓரிரு நாள் முன்பின் மாற்றிக்கொள்ள இடமிருந்தால், மழை நாளை முதல் ஊரிலேயே கழித்துவிட்டு, காற்று முதுகுப் பக்கம் வரும் காலையில் மூட்டையைக் கட்டலாம்.